பழையாற்றுக் கரைச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் கரை வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

குமரி மாவட்டத்துச் சுருளகோட்டில் புறப்படும் நம் பழையாறு மணக்குடியில் கடலைச் சேர்வதற்குள் வயல், வாழைத்தோட்டம், வீட்டுச் சாக்கடை என எல்லாக் கழிவையும் வாங்கிக்கொள்கிறது. கும்பப்பூ நெல் பருவத்தில் மேலுரம் போடும் சமயம் பார்த்து ஐப்பசி மழையும் வந்துவிடும். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். பயிர் எடுத்ததுபோக மீதி, தண்ணீரில் கரையும் நைட்ரேட் உப்பாகி மழைத்தண்ணீரோடு ஆற்றுக்கு வடிகிறது. ஆகாயத்தாமரை தழைப்பது இந்தச் சத்தில்தான். அதை வாரிக் கரையிலேயே குவித்தால் அழுகி, அடுத்த மழைக்குத் திரும்பவும் ஆற்றுக்கே போகும். அதனால் இந்த முறை வாரியதையெல்லாம் தென்னந்தோப்புகளுக்கு ஏற்றிவிட்டோம்.

அப்புறம், கரை. சுசீந்திரத்துக்குத் தெற்கே நாம் எடுத்துக்கொண்ட துண்டில் தண்ணீரை ஒட்டிச் சம்பு என்னும் உயரமான நீர்ப்புல்லும் கோரையும், அதற்கு மேலே கைதையும் (தாழை) வெட்டிவேரும், மேட்டில் நீர்மருதும் புன்னையும் நட்டோம். செடி கொஞ்சம் நைட்ரஜனை உறிஞ்சும். கோரையை அறுத்து அப்புறப்படுத்தினால்தான் அதுவும் கணக்கில் சேரும். பெரிய வேலை மண்ணுக்குள் நடக்கிறது. காற்றுப் புகாத ஈரமண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே விடுகின்றன. நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் அந்த வாயுதான், யாருக்கும் கெடுதல் இல்லை. அந்தப் பாக்டீரியாக்களுக்குத் தீனி மக்கும் சருகு. அதனால் கரையைக் கூட்டிப் பெருக்கித் தீ வைக்க வேண்டாம் என்று வீடு வீடாகச் சொன்னோம்.

நட்டால் மட்டும் போதாது என்பதையும் கண்ணால் பார்த்தோம். வயல் வடிகால் குழாய் வழியாக நேராக ஆற்றில் விழுந்தால் வேருக்கும் மண்ணுக்கும் வேலையே இல்லை. ஒரு வடிகாலை மறித்து, தண்ணீரைச் சம்புக்குள் பரவவிட்டோம். நைட்ரேட் கூடக்கூட நிறம் அடரும் சோதனைத் தாளை வடிகால் வாயில் நனைத்தபோது அடர்ந்த ரோஸ் நிறமானது. சம்பைத் தாண்டி வந்த தண்ணீரில் வெளிறிய ரோஸ்தான். மழைத்தண்ணீர் கலந்தாலும் நிறம் குறையும் என்பதால் கோடையிலும் பார்க்க வேண்டும். ஆனாலும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

ஓரிடத்தில் கரையைச் சிமெண்ட் சுவராக்கும் பேச்சு அடிபடுகிறது. வயலின் நிலத்தடி நீர் ஈரமண் வழியாக ஆற்றுக்கு வருவதை அது தடுத்துவிடும். அரிக்கும் இடத்தில் கல் அடுக்கலாம், மற்ற இடம் மண்ணாகவே இருக்கட்டும் என்று மனு கொடுத்துள்ளோம். தேரூர்–சுசீந்திரம் நீர்நிலைகள் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததையும் அதில் எழுதியிருக்கிறோம்.

மற்ற வடிகால்களையும் அடுத்த நெல் பருவமான கன்னிப்பூ நடவுக்கு முன் திருப்ப வேண்டும். வயல்காரர்கள் சம்மதம் தேவை. கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்