வீட்டுத் தோட்டச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. ஆடியில் விதைப் பரிமாற்றம் செய்தோம். பொங்கல் விழா நன்றாக நடந்தது.

கட்டடத்துக்குப் பின்னால் போட்ட மாதிரித் தோட்டத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்லியாக வேண்டும். "மூன்று பாம் மரத்துக்கு இத்தனை செலவா?" என்ற கேள்வி பலமுறை வந்துவிட்டது. முதலில் வெறும் புரோமிலியாடுகளைத்தான் (அன்னாசிக் குடும்பத்து அலங்காரச் செடிகள்) வைத்தோம். கத்திரி வெயிலில் ஒரே வாரத்தில் இலையெல்லாம் வெளுத்துப் பொசுங்கிவிட்டன. மேலே நிழல் இல்லாமல் கீழடுக்கு நிற்காது. அதனால்தான் ஆளுயரம் தாண்டிய ஃபாக்ஸ்டெயில் பாம் மூன்று வாங்கினேன். சின்னக் கன்று மலிவுதான், ஆனால் நிழல் தர வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இப்போது பழைய தென்னையும் இந்த மூன்றும் மேலடுக்கு. அரிக்கா பாம் தூர்கள் நடுவில். அவற்றின் காலடியில் தேங்காய் மட்டைச் சில்லும் கரியும் போட்டு நியோரிஜீலியா என்ற புரோமிலியாடு வகை. காலை எட்டு மணிக்குக் கீற்று வழியாக வெயில் பொட்டுப் பொட்டாக விழும்போது அந்தச் சிவந்த நடுக்குருத்தைப் பாருங்கள். இலைகள் சேர்ந்து நடுவில் குழியாகித் தண்ணீர் தேக்கும்; ஒரு செடியின் குழித் தண்ணீரில் சின்னத் தேரை ஒன்று குடியிருக்கிறது.

இந்தக் குழித் தண்ணீரால் கொசு வரும் என்ற புகார் நியாயமானதே. ஆனால் முட்டை கொசுவாக ஒரு வாரமாவது ஆகும். நாலு நாளுக்கொரு முறை குழாயைப் பீய்ச்சிப் பழைய தண்ணீரை வெளியேற்றினால் போதும். இந்த வேலைக்குப் பெயர் கொடுத்தவர்கள் 14 பேர். தொடர்ந்து வந்தவர்கள் 3 பேர். அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

இன்னொரு வருத்தம். ஐப்பசி மழையில் தென்னைக்குக் குருத்தழுகல் வராமலிருக்க ஒருவர் போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லியைத் தெளித்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் அதில் இருப்பது செம்பு. புரோமிலியாடுக்குச் செம்பு விஷம். மேலிருந்து சொட்டியது கீழே குழிகளில் தேங்கி, 11 செடிகள் போய்விட்டன. ஓர் அடுக்குக்குச் செய்வது அடுத்த அடுக்கிலும் விழும். தயவுசெய்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வரவு செலவு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. கையிருப்பு சமாளிக்கும் அளவுக்கு உண்டு. சந்தா பாக்கி வந்துவிட்டால் நிலைமை சீராகும். பாதிப் பேருக்கு மேல் இன்னும் கட்டவில்லை. செயற்குழுவினருக்கும், தண்ணீர் தந்து உதவிய பக்கத்து வீட்டாருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தத் தோட்டத்தை ஒருவனாகப் பார்த்துக்கொள்ள என்னால் முடியாது. ஞாயிறு காலையில் நாலு பேர் வந்தால் தொடரலாம். அப்புறம் ஒன்று: புரோமிலியாடில் தாய்ச்செடி ஒருமுறை பூத்தால் அதோடு சரி, பக்கத்தில் குட்டி விட்டுவிட்டுக் காய்ந்துவிடும். தாயில் மூன்றில் ஒரு பங்கு வளர்ந்த 42 குட்டிகளைப் பிரித்துத் தனித்தனித் தொட்டியில் வைத்திருக்கிறேன். சந்தா கட்டியவர்களுக்கு ஆளுக்கொன்று. வரும்போது ஒரு துணிப்பை கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்