999 ரூபாய்க்கு ரீல்ஸ் கோர்ஸ் விக்கிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கமுங்க. பவானிக்கு பக்கத்துல இருந்து எழுதுறேன், சமையல் சாமான் பத்தி இன்ஸ்டாகிராம்ல ரீல்ஸ் போட்டு, அமேசான் லிங்க் குடுத்து, அதுல யாராச்சும் வாங்கினா கமிஷன் பாக்குற ஆளு. உங்கள்ல ஒருத்தர் கிட்ட போன வருசம் 999 கட்டி கோர்ஸ் எடுத்தேன், பேர் சொல்லல, சொன்னா நாளைக்கு அவரு என்னை வெச்சே நாலு ரீல் போட்டு அதுக்கும் ரீச் பாத்துருவாரு. ஆர்கானிக்கா, அதாவது விளம்பரத்துக்கு காசு கட்டாம, வளரலாம்னு நீங்க சொன்னத வீட்டுல சொன்னேன், எங்க அத்தை நான் நாட்டுச்சக்கரை விக்கப் போறேன்னு நெனச்சுட்டாங்க. அத வித்திருந்தாலும் ஆறு மாசத்துல நாலு காசு பாத்திருப்பேன்.

முதல் பாடமே வாட்ஸ்அப் குரூப்தான். அம்பது பேரு, ஒருத்தர் வீடியோ போட்டா மத்த எல்லாரும் போயி லைக் போடணும், நெருப்பு எமோஜி போடணும், மாத்தி மாத்தி ஃபாலோ பண்ணிக்கணும். பண்ணேன், நாலு மாசத்துல 11,000 ஃபாலோயர் வந்துச்சு, வீடியோக்கு வியூஸ் மட்டும் முந்நூறு தாண்டல. ஏன்னு கேட்டா "கன்சிஸ்டென்ட்டா போடுங்க சிஸ்டர்"னு ஒரே பதில். வீடியோவ யாரு எவ்ளோ பாத்தாங்கன்னு ஆப்பே காட்டற இன்சைட்ஸ நானே உக்காந்து நோண்டினதுல தான் புரிஞ்சுது, குரூப்ல இருக்கறவங்க ரெண்டு செகண்டு பாத்துட்டு லைக்க தட்டிட்டு ஓடிடறாங்க, அந்த ஆப்புக்கு தெரியறது என்னன்னா இந்த வீடியோவ காட்டினா ஆளு நிக்க மாட்டேங்குதுன்னு தான். இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில வெளிப்படையாவே சொல்லிட்டாரு, எவ்ளோ நேரம் பாக்குறாங்க, பாத்தவங்கள்ல எத்தன பேரு லைக் பண்றாங்க, எத்தன பேரு அடுத்தவங்களுக்கு அனுப்புறாங்க, இந்த மூணு தான் முக்கியம்னு, அதுலயும் நம்மள ஃபாலோ பண்ணாத புது ஆளுங்க கிட்ட வீடியோ போய் சேரணும்னா அனுப்புறது தான் பெருசுன்னு. ஹேஷ்டேக் போட்டா ரீச் பெருசா ஏறிடாதுன்னும் அவரே பல தடவ சொல்லியாச்சு. உங்க கோர்ஸ்ல ஹேஷ்டேக்குக்கு மட்டும் முக்கால் மணி நேர கிளாஸ் இருக்கு, அனுப்புறத பத்தி ஒரு வரி கூட இல்ல.

யூடியூப் ஷார்ட்ஸ் பாடம் இன்னும் மோசம். டிஸ்கிரிப்ஷன்ல லிங்க் போடுங்க, கமெண்ட்ல பின் பண்ணுங்கன்னு சொல்லித் தர்றீங்க. 2023 ஆகஸ்ட் 31ல இருந்து ஷார்ட்ஸ் டிஸ்கிரிப்ஷன்லயும் கமெண்ட்லயும் போடற லிங்க தொட்டா திறக்காது, யூடியூப் நிறுத்தி வருசம் ஆச்சு. பழைய ரெக்கார்டிங்க அப்படியே ஓட்டிட்டு இருக்கீங்க, டெம்ப்ளேட்ல வருசத்த மட்டும் மாத்தி.

ஆனா எனக்கு உண்மையிலயே கோவம் வந்தது அமேசான் பாடத்துல தான். அவங்க கமிஷன் திட்டத்துல சேர்ந்து 180 நாளுக்குள்ள மூணு சேல்ஸாவது வரணும் இல்லன்னா கணக்க மூடிருவாங்க, அது சரி. அதுக்கு நீங்க சொன்ன வழி என்ன, சித்தி பொண்ணு, நாத்தனார், பக்கத்து வீட்டு அக்கா எல்லார் கிட்டயும் லிங்க குடுத்து வாங்க வெச்சுடுங்கன்னு. நம்ம லிங்க்ல நாமளே வாங்கறதும், சொந்தக்காரங்க சிநேகிதங்க வாங்கறதும் கணக்குல வராதுன்னு அவங்க விதியிலயே இருக்கு, தெரிஞ்சா கணக்கே போயிடும். என் கூட கோர்ஸ் எடுத்த ஒரு பொண்ணுக்கு அப்படித்தான் போச்சு. குரூப்ல வந்து அழுதுச்சு, அந்த மெசேஜ நீங்க டெலீட் பண்ணீங்க.

அப்பறம் எனக்கு சேல்ஸ் எப்படி வந்துச்சுன்னு சொல்றேன். தோசைக்கல் பழக்குறது பத்தி ஒரு வீடியோ. முதல்ல எடுத்தப்ப நீங்க சொன்ன மாதிரி "ஹாய் மக்களே, இன்னிக்கு நாம என்ன பாக்கப் போறோம்னா"ன்னு ஆரம்பிச்சேன், எந்த செகண்டு வரைக்கும் எத்தன பேரு பாக்கறாங்கன்னு காட்டற கிராஃப்ப பாத்தா மூணாவது செகண்டுலயே கிணத்துல விழுந்த மாதிரி இறங்குது. ஒரு வாரம் கழிச்சு மறுபடி எடுத்தேன், எடுத்த எடுப்புலயே தோசை கல்லுல ஒட்டிக்கிட்டு கிழியறது, கரண்டி சுரண்டுற சத்தம், நான் பேசவே இல்ல. அப்பறம் அரிசி களைஞ்ச தண்ணியில கல்ல ஊற வெச்சது, பாதி வெங்காயத்த எண்ணெயில தொட்டு தேச்சது, முதல் ரெண்டு தோசை தூக்கிப் போடற மாதிரி தான் வரும்னு காட்டினது, கடைசியா ஒரு தோசை தானா எழும்பி வர்றது. மொத்தம் 38 செகண்டு. அத பொண்ணுங்க அம்மாவுக்கு அனுப்புனாங்க, அம்மாங்க மருமகளுக்கு அனுப்புனாங்க (அதுல என்ன உள்குத்து இருந்துச்சோ எனக்கு தெரியாது). கல்லு எங்க வாங்கினீங்கன்னு அவங்களா கேட்டாங்க, கேட்டவங்களுக்கு மட்டும் டிஎம்ல லிங்க் போச்சு.

கணக்கையும் சொல்லிடறேன், நீங்க சொல்ல மாட்டீங்க. வியூஸ் ஒரு லட்சத்துக்கு மேல, லிங்க தொட்டவங்க சில நூறு பேரு, கல்லு வாங்கினது 17 பேரு, அதுல 2 ரிட்டர்ன், ரிட்டர்ன் ஆனா கமிஷனும் திரும்பப் போயிடும். ஒரு கல்லுக்கு கைக்கு வந்தது நாப்பது ரூபா சொச்சம். லிங்க தொட்டவங்க 24 மணி நேரத்துக்குள்ள அங்க வேற எத வாங்கினாலும் நமக்கு கொஞ்சம் வரும், அப்படி யாரோ ஒரு புண்ணியவான் மிக்ஸி வாங்கினதுல தான் அந்த மாசம் ஆயிரத்த தொட்டுச்சு. ஒரு லட்சம் வியூஸுக்கு ஆயிரம் ரூபா. உங்க போஸ்டர்ல "மாசம் ஒரு லட்சம், ஃபோன் மட்டும் போதும்"னு இருக்கே, அது எந்த கல்ல வித்து வந்த காசுன்னு நெஜமாவே தெரிஞ்சுக்கணும்.

இன்னொன்னு. லிங்க்ல கமிஷன் வருதுன்னு வீடியோல சொன்னா ரீச் அடிபடும், சொல்லாதீங்கன்னு சொன்னீங்க. மத்திய அரசோட நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலயே சொல்லியாச்சு, காசுத் தொடர்பு இருந்தா டிஸ்கிரிப்ஷன்ல ஒளிச்சு வெக்காம வீடியோக்குள்ளயே, எழுத்துலயும் பேச்சுலயும் சொல்லணும்னு. மீறினா 10 லட்சம் வரைக்கும் அபராதம், மறுபடி மாட்டினா 50 லட்சம். அந்த நோட்டீஸ் வந்தா உங்க வீட்டுக்கா வரும், எங்க வீட்டுக்கு தானுங்களே. நான் இப்ப "இந்த லிங்க்ல வாங்கினா எனக்கு கொஞ்சம் கமிஷன் வரும்"னு வாயால சொல்றேன், எழுதியும் போடறேன். ரீச் ஒண்ணும் கொறையல. ஒரு அம்மா "உனக்கு வரட்டும் கண்ணு, உன் லிங்க்லயே வாங்கறேன்"னு கமெண்ட் போட்டாங்க.

கேக்கறது ரெண்டே ரெண்டு. கோர்ஸ் விக்கிற பேஜ்லயே, போன மாசம் லிங்க்ல வந்த கமிஷன் இவ்ளோ, கோர்ஸ் வித்து வந்தது இவ்ளோன்னு பக்கத்துல பக்கத்துல போடுங்க, ஸ்கிரீன்ஷாட் வேணாம், ஸ்கிரீன ரெக்கார்ட் பண்ணி பேஜ ரீஃப்ரெஷ் பண்ணி காட்டுங்க. அந்த சொந்தக்காரங்க பாடத்த இன்னிக்கே எடுங்க, அத நம்பி கணக்கு போனவங்களுக்கு 999 திருப்பிக் குடுங்க.

அப்பறம் அந்த வாட்ஸ்அப் குரூப்ல இருந்து என்னை எடுத்துடுங்க, நானா மூணு தடவ வெளிய வந்துட்டேன், மறுபடி மறுபடி சேத்துட்டே இருக்கீங்க.