மூட்டுவலிக்காரர்களின் கண்ணையும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் அம்மாவுக்கு 12 வருடமாக முடக்குவாதம் என்னும் மூட்டு நோய். விரல் வலியை மட்டுமே விசாரித்தோம். கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது என்று அவர் சொன்னபோது, வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். இந்த நோய் கண்ணையும் உலர வைக்கும் என்பது எங்களுக்குத் தெரியாமல் போனது.

அப்புறம் மருந்துகள். ஸ்டீராய்டை நாள்கணக்கில்லாமல் சாப்பிட்டால் கண்புரை, கண் நீர் அழுத்த நோய் வரலாம். இந்த நோய்க்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் விழித்திரையைப் பாதிக்கக்கூடும். அந்தப் பாதிப்பு மருந்தை நிறுத்தினாலும் சரியாகாது. அதனால்தான் அந்த மருந்தைத் தொடங்கிய முதல் வருடத்துக்குள் ஒரு கண் பரிசோதனை, 5 வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் பரிசோதனை என்று கண் மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

மூட்டுவலிக்கு எழுதும் மருந்துச்சீட்டிலேயே கண் பரிசோதனைக்கான தேதியையும் குறித்துக் கொடுக்கச் சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஒரு வாசகி, மதுரை