போன்ல எடுக்கிறதா, போட்டுப் பாத்து எடுக்கிறதா

அன்புள்ள கூட்டாளிக்கு,

உன் வொய்ஸ் மெசேஜ் கேட்டேன். பேச ஆரம்பிச்சா ரெண்டு பேரும் பாதியில வேற கதைக்குப் போயிடுவோம், அதனால எழுதியே அனுப்புறேன். இங்க எல்லாரும் சுகம். அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி, மழை பிடிச்சா படி இறங்க மாட்டேங்குது. நோர்வூட் பக்கம் வெயிலைக் கண்டே நாளாச்சு. தைச்சு முடிச்ச துணிக்கு அயன் போட்டாலும் ஈரவாடை போகல.

சரி, உன் வீட்டுச் சண்டைக்கு வர்றேன். தீபாவளி உடுப்பை மக போன்லயே எடுக்கணும்ங்கிறா. நீ பண்டாரவளை டவுனுக்குப் போய், போட்டுப் பாத்துத்தான் எடுக்கணும்ங்கிற. தீர்ப்பை நான் சொல்லணுமாம். கட்டுநாயக்க கார்மென்ட்ஸ் பெக்டரியில நாலு வருஷம் ஒரே லைன்ல உக்காந்து தைச்சவ, உன் பக்கம்தான் பேசுவேன்னு நினைச்சுத்தானே கேட்ட? முழுசா அப்படிச் சொல்ல ஏலாதுடி.

முதல்ல பிள்ளையோட நியாயத்தைக் கேளு. அவ சோம்பேறித்தனத்துல போனைத் தூக்கல. பெரிய கடைக்குள்ள நம்மள மாதிரி ஆளுங்க போனா என்ன நடக்கும்னு உனக்குத் தெரியாதா? பையை வாசல்லயே வாங்கி வச்சுக்குவாங்க. ஒரு பொண்ணு பின்னாலயே வருவா, நாம எடுத்துப் பாத்ததைக் கீழ வைக்கிறதுக்குள்ள மடிச்சிடுவா. விலைச் சீட்டைத் திருப்பினா, "அது கூட விலை, இந்தப் பக்கம் பாருங்க"ன்னு மூஞ்சியைப் பாத்தே கணக்குப் போட்டுச் சொல்லுவா. மூணாவது உடுப்பை பிட்ஒன் பண்ண, அதான் போட்டுப் பாக்க, கேட்டா எடுப்பீங்களா மாட்டீங்களான்னு ஒரு பார்வை. நமக்கு அது பழகிப்போச்சு. அவளுக்கும் பழகணும்னு என்ன கட்டாயம்? போன்ல ராத்திரி படுத்துக்கிட்டே நூறு கவுனைத் தள்ளித் தள்ளிப் பாத்துட்டு, ஒண்ணும் எடுக்காமத் தூங்கலாம். ஒருத்தரும் மூஞ்சி சுளிக்க மாட்டாங்க. இதை நீ கணக்குல சேக்கவே இல்ல.

இன்னொண்ணு, வேலை நாள்ல டவுனுக்குப் போனா உனக்கு அரைப் பேராவது, அதான் அரை நாள் சம்பளமாவது, போகும். நாள் சம்பளத்தைக் கூட்டுறதுக்கு நாம பட்ட பாடு ஊருக்கே தெரியும். அதுல பாதியை விட்டுட்டு, பஸ்ஸுக்குக் குடுத்து, பிள்ளைங்களுக்கு வடையும் பிளேன்டீயும் வாங்கிக் குடுத்து, கடைசியில "அந்த சைஸ் முடிஞ்சிடுச்சு அக்கா"ன்னு கேட்டுட்டு வர்றது. ஞாயித்துக்கிழமை போகலாம்ங்கிறியா? தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, அதுவும் 10ஆம் திகதி சம்பளம் போட்ட பிறகுன்னா, கடையில நிக்க இடமிருக்காது. பிட்ஒன் ரூமுக்கு வெளிய வரிசை, உள்ள இருக்கிறவளை வெளிய வரச்சொல்லித் தட்டுவாங்க. அந்த அவசரத்துல எதைப் போட்டு எதைப் பாக்கிறது?

ஆனா அளவு விஷயத்துல உன் பயம் சரி. நாம உள்ள இருந்து பாத்தவங்க. கட்டுநாயக்கவுல ஒரு சைஸுக்குத்தானே சாம்பிள் தைச்சு ஆளுக்குப் போட்டுச் சரிபண்ணுவாங்க? மத்த சைஸெல்லாம் அதுல இருந்து கணக்குப்படி கூட்டினதும் குறைச்சதும்தான். நெஞ்சு பெருத்தா கையும் நீளும், தோளும் அகலும்னு அந்தக் கணக்கு நினைச்சுக்குது. நம்ம பொம்பளைங்க உடம்பு அப்படியா? வருஷக்கணக்கா தேயிலைக் கொழுந்து எடுத்த கை மேல்பக்கம் திரண்டிருக்கும், ஆளு குட்டையா இருப்பா. நெஞ்சுக்குச் சரியா எடுத்தா கை பிடிக்கும், கைக்குச் சரியா எடுத்தா தோள் தொங்கும். நுவரெலியா பேல் பஜார்ல தொங்குற குளிர் ஜாக்கெட்டைப் போட்டுப் பாரு, விரல் நுனி வெளிய தெரியாது. வெள்ளைக்காரிக்கு வெட்டினது அது.

வெட்டுற மேசை ஞாபகம் இருக்கா? துணியை அடுக்கடுக்கா விரிச்சு ஒரே இழுப்புல அறுப்பாங்க. கத்தி கொஞ்சம் சாஞ்சாலும் மேல் அடுக்கும் அடி அடுக்கும் ஒண்ணா இருக்காது. நெஞ்சளவுல அரை இன்ச் கூடக் குறைய இருந்தாலும் தரம் பாக்கிற கியூசி பாஸ் பண்ணிடும். ஒரே கட்டுல வந்த ரெண்டு மீடியமே ஒண்ணுபோல இருக்காதுன்னா, ரெண்டு நாட்டுல தைச்ச மீடியத்தை என்னன்னு நம்புறது? யூகே 10ன்னு போட்டிருக்கிறது ஐரோப்பாக் கணக்குக்கு 38, அமெரிக்காவுக்கு 6. சீனாவுல இருந்து வர்ற எக்ஸ்எல் பல நேரம் நம்ம மீடியத்துக்கே இறுக்கிப் பிடிக்குது. இந்த எழுத்தைப் பாத்து எடுக்காதன்னு உன் மகக்கிட்ட சொல்லு. இன்ச் பாத்து எடுக்கச் சொல்லு.

எப்படின்னா, அவளுக்கு நல்லாப் பொருந்துற பழைய உடுப்பு ஒண்ணை மேசையில சுருக்கமில்லாம விரிச்சு வைக்கணும். இந்தக் கக்கத்துல இருந்து அந்தக் கக்கம் வரைக்கும் டேப்பைப் போட்டு, வர்றதை ரெட்டிப்பாக்கினா உடுப்போட நெஞ்சளவு. தோள், கை நீளம், இடுப்பு, மொத்த நீளம் எல்லாத்தையும் இப்படி எழுதி வச்சுக்கிட்டு, விக்கிறவங்க பேஜ்ல போட்டிருக்கிற அளவு அட்டவணையோட ஒத்துப் பாக்கணும். அந்த அட்டவணை உடம்போட அளவா உடுப்போட அளவான்னு கட்டாயம் மெசேஜ் போட்டுக் கேக்கணும். இழுபடாத துணியில உடம்புக்கு மேல ரெண்டு மூணு இன்ச் தளர்வு இல்லாட்டிக் கையைத் தூக்க ஏலாது. டீ சேர்ட் மாதிரி இழுபடுறதுக்கு அவ்வளவு வேணாம். இதுக்குப் பதில் சொல்லாத பேஜ்ல எடுக்கவே வேணாம்.

பக்கத்து லயத்துப் பிள்ளை ஒண்ணு போன வாரம் ஒரு கவுனைத் தூக்கிக்கிட்டு வந்துச்சு, போன்ல எடுத்தது. மெரூன் ஜோர்ஜெட், பாக்க அழகு, ஆனா சிப் பாதிக்கு மேல ஏறல. பக்கத் தையலைப் பிரிச்சா, தையலுக்கும், ஓரம் பிரியாம அடிக்கிற ஓவர்லொக்குக்கும் நடுவுல ஒரு நூல் இடம் இல்ல. ஒட்ட வெட்டி அடிச்சிருக்காங்க, துணி மிச்சம் பிடிக்கிறதுக்கு. நம்ம ஊர் டெய்லர் தைச்சா உள்ள ஒரு இன்ச் விட்டு வைப்பான், பிள்ளை பெத்த பிறகும் பிரிச்சுப் போடலாம். இதுல என்னத்தைப் பிரிக்கிறது? நல்ல காலம், கவுன் அவளுக்கு நீளம். கீழ வெட்டின துண்டுல பட்டி எடுத்து, கக்கத்துல இருந்து இடுப்பு வரைக்கும் ரெண்டு பக்கமும் வச்சுத் தைச்சுக் குடுத்தேன். ஜோர்ஜெட் மெஷினுக்கு அடியில வழுக்கும், அதனால அடியில பேப்பர் வச்சுத் தைச்சுட்டுப் பிறகு கிழிச்சு எடுத்தேன். அதனாலதான் சொல்றேன், ரெண்டு சைஸுக்கு நடுவுல தடுமாறினா பெருசையே எடுக்கட்டும். பக்கம், கை, நீளம் எல்லாத்தையும் நான் பிடிச்சுத் தந்திடுவேன். தோள் இறக்கமும் டெனிமோட கவட்டையும் மட்டும் என்கிட்ட வரக்கூடாது, அது பொருந்தலன்னா பொருந்தலதான்.

துணியோட கதை வேற. படத்துல உடுப்பு போட்டிருக்கிற பொண்ணுக்கு முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இறுக்கியிருப்பாங்க, நமக்கு முன்பக்கம் மட்டும்தான் தெரியும். துணி தடிப்பா மெல்லிசா, தண்ணி பட்டா சுருங்குமான்னு போன் சொல்லாது. ரேயோன் முதல் அலசல்லயே குட்டையாயிடும். பொலியெஸ்டர் வேர்வையை உறிஞ்சாது, ஆனா நம்ம மழைக்குச் சீக்கிரம் காயும். பருத்தி கொடியில ரெண்டு நாள் கிடக்கும். ஆனா கடையில மட்டும் எல்லாம் தெரிஞ்சிடுதா? டியூப் லைட் வெளிச்சத்துல பாத்த கலர் வெளிய வந்தா வேற கலர். கடைக்காரன் என்ன சொன்னாலும் துணியை வாசலுக்குக் கொண்டுவந்து பாரு. பிட்ஒன் ரூம்ல சும்மா நின்னு கண்ணாடியைப் பாக்காம, குந்திப் பாரு, ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிப் பாரு. நின்னா எல்லா டெனிமும் அழகுதான்.

கொரியர்காரன் தோட்டத்துக்குள்ள வரமாட்டான்ங்கிறதையும் பிள்ளைக்கிட்ட சொல்லு. ரோடு சரியில்ல, டவுனுக்கு வந்து வாங்கிக்கங்கன்னு போன் பண்ணுவான். அப்ப பஸ் காசு எப்படியும் உண்டு. காசு குடுத்த பிறகுதான் பார்சலைப் பிரிக்க விடுவான். அதனால பிரிக்கும்போது போன்ல வீடியோ எடுக்கட்டும், உடுப்புல இருக்கிற விலைச் சீட்டை அறுக்க வேணாம். மாத்தித் தருவாங்களா, திருப்பி அனுப்புற செலவு யாருதுன்னு காசு கட்டுறதுக்கு முந்தியே எழுத்துல வாங்கிக்கட்டும். ஏமாத்தினா பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977ல சொல்லலாம். பேர் முகவரி இல்லாம லைவ் போட்டு விக்கிறவங்க மேல என்னன்னு சொல்லுவ? ஒரு விலாசம் இருக்கிற இடத்துல எடுக்கிறது நல்லது.

இப்ப என் தீர்ப்பு. டீ சேர்ட், ஸ்வெட்டர், தளர்வான டொப் இதையெல்லாம் அவ போன்லயே எடுக்கட்டும், நீ வாயைத் திறக்காத. டெனிம், உள்ளாடை, சப்பாத்து, லைனிங் வச்ச கவுன் இதுக்கெல்லாம் டவுனுக்குப் போங்க. உனக்கு சாரியை மட்டும் யாரும் போன்ல எடுத்துத் தரக்கூடாது. அளவே இல்லாத உடுப்புதானே, போன்ல எடுத்தா என்னன்னு பிள்ளைங்க கேக்கும். சாரி கையில விழுறதைப் பாத்துத்தான் வாங்கணும். கொசுவம் நிக்குமா சரியுமான்னு கை சொல்லிடும்.

தீபாவளிக்கு ரெண்டு வாரத்துக்கு முந்தியே உடுப்பு கையில இருக்கணும். கடைசி நாள்ல கொண்டு வந்தா என்கிட்ட நேரமிருக்காது, சாரி ஜாக்கெட் தைக்கவே வரிசையில நிக்கிறாங்க. அது முடிஞ்சா பிள்ளைங்க யூனிபோர்ம் வேலை வந்திடும். மகளோட அளவை எழுதி அனுப்பு. டேப்பை முதுகுப் பக்கம் இறங்கவிடாம நேரா பிடி, அவ மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது. கை மேல்பக்கச் சுற்றளவையும் சேத்து அனுப்பு, அதைத்தான் எல்லாரும் மறந்திடுறாங்க.

அண்ணனையும் பிள்ளைங்களையும் கேட்டதாச் சொல்லு. அம்மா உன்கிட்ட வலி எண்ணெய் இருந்தா குடுத்தனுப்பச் சொல்லுது, முழங்காலுக்குத் தேய்க்க.

இப்படிக்கு,
உன் பழைய லைன் கூட்டாளி