பச்சிளங்குழந்தைக்குக் காதுப் பரிசோதனை: சட்டமன்றத்துக்குப் போக வேண்டியவர்கள் நாங்களே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியாத்தத்திலும் வேலூரிலுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் செவித்திறன் பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் செய்துவருபவன் நான். எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்கள் இதுவரை செய்யத் தவறிய ஒரு வேலையைப் பற்றித் தங்கள் வாசகர்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

சென்ற மாதம் ஒடுகத்தூரை அடுத்த மலையடிவாரக் கிராமத்திலிருந்து ஒரு தாய் தன் மூன்றரை வயது மகனை அழைத்து வந்தார். பையன் இன்னும் "அம்மா" என்று கூடச் சொல்லவில்லை. காது கேட்கிறதா என்று வீட்டில் பார்க்காமல் இல்லை; பாட்டி பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டியிருக்கிறார், அவனும் திரும்பியிருக்கிறான். பெருஞ்சத்தத்துக்குத் திரும்புகிற குழந்தைக்குப் பேச்சின் மெல்லிய ஒலிகளும் எட்டும் என்று சொல்ல முடியாது என்பதை அந்தப் பாட்டிக்கு யாரும் சொல்லவில்லை. "அவன் மாமனும் அஞ்சு வயசுலதான் பேசினான்" என்ற சமாதானத்தில் ஓராண்டும், வசம்பு உரைத்து நாக்கில் தடவியதில் சில மாதங்களும் போயிருந்தன. ஒலிக்குக் காது நரம்பும் மூளைத்தண்டும் எப்படி எதிர்வினை காட்டுகின்றன என்று பார்க்கும் பெரா பரிசோதனையில் இரு காதுகளிலும் கடுமையான குறைபாடு தெரிந்தது. அறிக்கையைக் கையில் வாங்கிய அந்தத் தாய், "ஆஸ்பத்திரியிலதானே சார் பெத்தேன், அங்கேயே ஏன் பாக்கல?" என்று கேட்டார்.

பார்த்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் அந்த மருத்துவமனையைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதுதான் அதற்கு நான் சொல்லக்கூடிய நேர்மையான பதில்.

பரிசோதனை ஒன்றும் பெரிய காரியமில்லை. ஓ.ஏ.இ. எனப்படும் சோதனைக்குக் குழந்தை பால் குடித்துவிட்டுத் தூங்கினால் போதும். மென்மையான சிறு முனை ஒன்றைக் காதில் பொருத்தினால், கருவி மெல்லிய ஒலியை உள்ளே அனுப்பி, அதற்கு உட்செவி எழுப்பும் மறுஒலியைப் பதிவுசெய்து, 'பாஸ்' அல்லது 'ரெஃபர்' என்று சில நிமிடங்களில் காட்டிவிடும். பிரசவ வார்டுச் செவிலியரே இதைப் பழகிக்கொள்ளலாம். 'ரெஃபர்' என்று வந்த குழந்தைகளை மட்டும் எங்களிடம் அனுப்பினால் போதும். பிறந்த ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் காது மிஷினும் பயிற்சியும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் கணக்கு. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் ஏதோ ஒரு வார்டில் ஓரிரு நாளாவது நம் கண்முன் படுத்திருக்கும் மாநிலத்தில், மூன்றரை வயதில் ஒரு குழந்தையின் காதுக் குறையைக் கண்டுபிடிப்பது எங்கள் எல்லோருக்குமே வெட்கக்கேடு.

திட்டங்களே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. காது கேளாமைத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 2007இலும், சிறார்களைப் பரிசோதிக்கும் ராஷ்ட்ரீய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் 2013இலும் தொடங்கின; முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் எனப்படும், உட்செவியில் கேட்புக் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சையும் செய்யப்படுகிறது. அதனால் பலன் பெற்ற பிள்ளைகள் பள்ளிக்குப் போவதை நானே பார்க்கிறேன். ஆனால் திட்டம் என்பது நிதி வரும்வரை நடக்கும், ஆர்வமுள்ள அதிகாரி மாற்றலாகிப் போனால் தேயும். வாங்கிக் கொடுத்த கருவி, இயக்க ஆளில்லாமல் பீரோவில் உறையோடு இருப்பதை ஓரிடத்தில் பார்த்திருக்கிறேன். சட்டத்தில் இருந்தால்தான், வீட்டுக்கு அனுப்பும் முன் "காது பார்த்தீர்களா?" என்று ஒரு தாய் உரிமையோடு கேட்க முடியும்.

இதற்கு டெல்லியை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் உள்ளவை. தனியார் மருத்துவமனைகளைப் பொறுத்தவரை, 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டமும் அதன்கீழ் 2018இல் வந்த விதிகளும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. பிரசவம் பார்க்கும் இடங்கள் குழந்தையின் செவித்திறன் முடிவை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுத வேண்டும் என்று அங்கே ஒரு விதியைச் சேர்க்கலாம். அரசு மருத்துவமனைகளுக்கு ஓர் அரசாணை போதும். பிறப்புச் சான்றிதழுக்கு, கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவில் கிடைக்கும் பிக்மி எண் வேண்டும் என்று சொன்னதும் கர்ப்பிணிகள் எல்லோரும் பதிவு செய்யவில்லையா? அதே பதிவில் காதுக்கும் ஓர் இடம் ஒதுக்கினால், 'ரெஃபர்' ஆன குழந்தை மறுசோதனைக்கு வரவில்லை என்பது கிராமச் செவிலியருக்கு உடனே தெரிந்துவிடும்.

நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் சொல்ல வேண்டியவை வேறு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், இரு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு இருந்தால் 'கேட்டல் குறைபாடு உடையவர்' என்றும், 70 டெசிபல் இழப்பு இருந்தால் 'காது கேளாதவர்' என்றும் வரையறுக்கிறது. உலக சுகாதார நிறுவனமோ, நன்றாகக் கேட்கும் காதிலேயே 35 டெசிபலுக்கு மேல் இழப்பு இருந்தால் அதை முடக்கும் குறைபாடாகக் கருதுகிறது. இடையில் சிக்கிய, இரு காதிலும் 50 டெசிபல் இழப்புள்ள மாணவி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் ஆசிரியர் நடத்தும் பாடத்தில் பாதி அவளுக்குப் போய்ச் சேராது. சட்டத்தின் கண்ணிலோ அவளுக்கு ஒரு குறையும் இல்லை, எனவே அடையாள அட்டையும் இல்லை. எங்கள் தொழிலைப் பதிவுசெய்யும் 1992ஆம் ஆண்டின் மறுவாழ்வுக் கவுன்சில் சட்டத்தையும் பாருங்கள். பதிவு இல்லாமல் தொழில் செய்பவருக்கு அது ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. சோதனையே செய்யாமல் முதியவர்களுக்குப் பல்லாயிரம் ரூபாய்க்குக் காது மிஷின் விற்பவர் அந்த ஆயிரத்தை ஒரே விற்பனையில் ஈட்டிவிடுவார்.

இவையெல்லாம் எங்களுக்குத் தெரியாதவை அல்ல. மாநாடுகளில் மணிக்கணக்கில் பேசுகிறோம். பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடலாமா கூடாதா என்ற விவாதத்துக்குச் செலவழித்த நேரத்தில் பாதியை இதற்குச் செலவிட்டிருந்தால் எப்போதோ காரியம் முடிந்திருக்கும் என்று தோன்றுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் சிலர் ஒரு சட்டமன்ற உறுப்பினரைச் சந்தித்து, பொன்னாடை போர்த்தி, மனு கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு வந்தோம். மனுவில் இருந்தவற்றில் பெரும்பாலானவை ஊதியம், பதவிப் பெயர், பணியிடம் பற்றியவை. அவை நியாயமானவைதான், ஆனால் குழந்தை அதில் கடைசிப் பத்தியில் வந்தது. படம் வாட்ஸ்அப்பில் சுற்றியதோடு சரி, மனு என்னவாயிற்று என்று கேட்க ஒருவரும் திரும்பிப் போகவில்லை, நான் உட்பட.

இம்முறை ஒடுகத்தூர்த் தாயையும் பையனையும் கூட்டிக்கொண்டு இன்னோர் உறுப்பினரிடம் போனேன். நான் விதிகளைப் பற்றிச் சொன்னபோது கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அந்த அம்மாள் பையனின் காதிலிருந்து மிஷினைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து, "இத ரெண்டு மாசத்துல போட்டிருந்தா இந்நேரம் பேசியிருப்பான்" என்றதும் நிமிர்ந்தார். "பிறந்த அன்னிக்கே இது தெரியுமா?" என்று என்னைக் கேட்டார். உண்மையிலேயே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இத்தனை ஆண்டுகளில் நாங்கள் யாரும் சொன்னதில்லையே.

சுகாதாரத் துறையின் அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்னால், வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் உள்ள செவித்திறன், பேச்சு வல்லுநர்கள் தத்தம் தொகுதி உறுப்பினரைப் பெற்றோர் ஒருவருடன் நேரில் சந்திக்க வேண்டும். சட்டமன்ற மனுக்கள் குழுவுக்கும் எழுத வேண்டும். மனு ஒரே பக்கம் இருக்கட்டும், அதில் டிஸ்சார்ஜ் சீட்டில் சேர வேண்டிய அந்த ஒரு வரி மட்டும் இருக்கட்டும். தாமதமாகக் கண்டறியப்பட்ட குழந்தைகளின் பெற்றோர் எங்களுடன் வருவதற்குச் சம்மதம் என்று அவரவர் பேச்சுப் பயிற்சியாளரிடம் தெரிவித்தால், பேருந்துச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செவித்திறன் மற்றும் பேச்சு மொழி வல்லுநர் ஒருவர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.