ஆறு கேமரா எதற்கு, கண்ணா?

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். ஆறு கேமரா, வீடியோ காலிங் பெல், பேசினால் எரிகிற விளக்கு நாலு. மாதத்துக்கு ஒரு தடவை போய் இரண்டு நாள் தங்கப்போகிற வீட்டுக்கு இத்தனை. "சரியா இருக்கானு பாத்துச் சொல்லும்மா" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

நம்முடைய இன்னொரு வீட்டை நானும் அப்பாவும் மூன்று வருஷமாக இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறோம் என்பது உனக்குத் தெரியும். அதில் முதல் வருஷம் எப்படிப் போயிற்று என்பது தெரியாது. சிரிப்பாய் என்று சொல்லாமல் விட்டிருந்தோம்.

நானும் உன்னைப் போலக் கேமராவில்தான் ஆரம்பித்தேன். ஹாலில் ஒன்றை மாட்டிவிட்டு நாளுக்குப் பத்துத் தடவை போனில் பார்ப்பேன். நாற்காலி இருக்கும், ஜன்னல் இருக்கும், தரை பளிச்சென்று இருக்கும். மனசுக்கு நிம்மதியாக இருக்கும். அதே சமயம் சமையலறை சிங்குக்குக் கீழே இருந்த குழாயின் இணைப்பு தளர்ந்து சொட்டிக்கொண்டிருந்தது. எத்தனை நாளாக என்று இன்றுவரை தெரியாது. நாங்கள் போய்க் கதவைத் திறந்தபோது மூக்கில் ஏறிய அந்த ஈர வாடையும், நனைந்த நோட்டுப் புத்தகம் மாதிரி உப்பிப் பிரிந்து கிடந்த அலமாரிப் பலகையும் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆளில்லாத வீட்டுக்குத் திருடன் வருகிறானோ இல்லையோ, தண்ணீர் வந்துவிடும்.

அதனால் உன் பட்டியலில் முதலில் எழுத வேண்டியது தண்ணீர் சென்சார். உள்ளங்கையில் அடங்கிவிடும். அடியில் இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கும். தண்ணீர் இரண்டையும் ஒன்றாகத் தொட்டால் சர்க்யூட் சேர்ந்து போனுக்குச் செய்தி வரும். அதன் சாமர்த்தியம் அவ்வளவுதான். வாங்கியதும் விரலை நனைத்து இரண்டு புள்ளியிலும் படும்படி வைத்துப் பார், கத்த வேண்டும். சிங்குக்குக் கீழே, ஹீட்டர் பக்கத்தில், வாஷிங் மெஷினுக்குப் பின்னால் வை என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் கண்ணுக்குச் சமமாகத் தெரிகிற தரை சமமாக இருக்காது. ஒரு டம்ளர் தண்ணீரை நீயே குழாய்க்கு அடியில் ஊற்று. எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே போய்த் தேங்குகிறது என்று பார்த்து, அங்கே வை. நான் முதலில் வைத்த இடத்துக்கும் தண்ணீர் போய் நின்ற இடத்துக்கும் ஒரு முழம் வித்தியாசம்.

இதைவிடப் பெரிய பாதுகாப்புக்கு ஆப் எதுவும் தேவையில்லை. கிளம்பும்போது ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு மெயின் வால்வை மூடு. தண்ணீர் கசிந்தால் தானாகவே மூடிக்கொள்கிற மோட்டார் வால்வெல்லாம் கிடைக்கிறது, பிறகு வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு உன் கை போதும். திருப்பாமலே விட்ட வால்வு இறுகிப்போகும். போகும்போதெல்லாம் திறந்து மூடுவது அதற்கும் நல்லது.

அடுத்து, இந்தக் கடிதமே எதற்காக எழுதுகிறேனோ அந்த விஷயம். சென்சார்களெல்லாம் வைத்து முடித்த பிறகு ஒரு சமயம் நாலு நாளாக எந்தச் செய்தியும் வரவில்லை. அப்பா, "பாத்தியா, எல்லாம் ஒழுங்கா இருக்கு" என்றார். நானும் நம்பினேன். ஐந்தாம் நாள் சும்மா ஆப்பைத் திறந்து அங்கே வெப்பம் எவ்வளவு என்று பார்த்தேன். 27.4 டிகிரி. கிராஃபைத் தொட்டால் நேற்றும் 27.4, முந்தாநாளும் 27.4. பகலில் ஏறி இரவில் இறங்கி அலை மாதிரி போகிற கோடு, ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோல நேராக நின்றது. எந்த வீட்டிலாவது நாலு நாள் வெப்பம் ஒரு புள்ளிகூட அசையாமல் இருக்குமா? மெயின் பிரேக்கர் விழுந்து, ரவுட்டர் அணைந்து, மொத்தமும் செத்துக் கிடந்திருக்கிறது. ஆப் கடைசியாகக் கேட்ட எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது. அந்த நாலு நாளில் வீடே மிதந்திருந்தாலும் எங்களுக்குத் தெரிந்திருக்காது.

அங்கே ஒன்றுமே நடக்காவிட்டாலும் செய்தி வராது, சொல்கிற கருவி செத்துப்போனாலும் செய்தி வராது. போனில் பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆகவே எந்தக் கம்பெனியின் பொருளை வாங்கினாலும் 'ஆஃப்லைன் ஆனால் தெரிவி' என்ற வசதி ஆப்பில் இருக்கிறதா என்று முதலில் பார். பலவற்றில் நாமே செட்டிங்கில் தேடிப்போய் இயக்கினால்தான் உண்டு. அறவே இல்லை என்றால் அதை வாங்காதே, பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும். நான் அதை இயக்கியும் வைத்திருக்கிறேன், காலையில் எழுந்ததும் அந்தக் கோட்டையும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். வளைந்து போனால் சரி.

வெப்பம் காட்டுகிற அதே சென்சார் ஈரப்பதமும் காட்டும். பூட்டிய வீட்டில் அது நாள்கணக்கில் 60 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் சுவரிலும் துணியிலும் பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும். அப்போது பயணத்தைத் தள்ளிப்போடாதே.

போனது கரண்டா, நெட்டா என்று தூரத்திலிருந்தே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ரவுட்டரையும் ஹப்பையும் (சென்சார்களின் செய்தியை வாங்கி ரவுட்டருக்குக் கொடுக்கிற பெட்டி) கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடவைக்கிற சின்ன யுபிஎஸ்ஸில் போடு. ஒரு ஸ்மார்ட் பிளக்கை, அதாவது போனிலிருந்தே போட்டு அணைக்க முடிகிற பிளக்கை, மட்டும் நேராகச் சுவர் சாக்கெட்டில் செருகி வை. அதில் எதையும் மாட்ட வேண்டியதில்லை. ஆப்பில் அந்தப் பிளக் மட்டும் காணாமல் போனால் வீட்டில் கரண்ட் இல்லை. எல்லாம் ஒரே நேரத்தில் போனால் நெட் போயிருக்கிறது. முதலில் பிளக், சில மணி நேரம் கழித்து மற்றதெல்லாம் என்றால் யுபிஎஸ்ஸும் தீர்ந்துவிட்டது. யுபிஎஸ் பெட்டி மேல் 10,000 எம்ஏஎச் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். உள்ளே இருப்பது 3.7 வோல்ட் செல் என்பதால் கணக்குப் போட்டால் 37 வாட்-ஹவர்தான் வரும். ரவுட்டரும் ஹப்பும் சேர்ந்து 8 வாட் இழுத்தால், இடையில் வீணாவது போக, நாலு மணி நேரம் தாங்கும். ரவுட்டர் அடாப்டரில் 9 வோல்ட் என்று இருக்கிறதா, 12 என்று இருக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டு வாங்கு.

இப்போது அப்பா கதை. நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. யுபிஎஸ் வாங்குவதற்கு முன்னால் ரவுட்டரை ஒரு ஸ்மார்ட் பிளக்கில்தான் மாட்டியிருந்தோம். ஒருநாள் கேமரா திக்கித் திக்கி வந்தது. ரவுட்டரை ஒரு தடவை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று அப்பா ஆப்பில் அந்தப் பிளக்கை அணைத்தார். அணைந்தது. திரும்ப எரியவைக்க அமுக்கினார், அமுக்கிக்கொண்டே இருந்தார். பிளக்குக்குக் கட்டளை போவதே அந்த ரவுட்டர் வழியாகத்தான்! நுனிமரத்தில் உட்கார்ந்துகொண்டு அடிமரத்தை வெட்டிய கதை. ஒரு பட்டனை அமுக்குவதற்காக நாலு மணி நேரம் காரில் போனோம். போகும்போதும் அவர் பேசவில்லை, வரும்போதும் பேசவில்லை.

நேரம் வைத்து அணைத்துப் போடுகிற டைமரை நடுவில் மாட்டலாமா என்றும் யோசித்தேன். யுபிஎஸ் வந்த பிறகு அதனால் பிரயோஜனம் இல்லை, டைமர் அணைத்தாலும் யுபிஎஸ் ரவுட்டரை ஓடவைத்துக்கொண்டே இருக்கும். சில ரவுட்டர்களின் செட்டிங்கிலேயே 'இத்தனை மணிக்கு ரீஸ்டார்ட் ஆகு' என்று சொல்லிவைக்க முடியும். அப்படிப்பட்டதாக வாங்கு. விடியற்காலை 4 மணிக்கு அதுவே எழுந்துகொள்ளட்டும்.

ரவுட்டர் பற்றி இன்னும் இரண்டு விஷயம். வைஃபை சென்சார், பிளக் எல்லாம் பெரும்பாலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் பேசும். உன் போன் 5 ஜிகாஹெர்ட்ஸில் இருந்தால் 'கருவி கிடைக்கவில்லை' என்று சொல்லிச் சொல்லி உயிரை வாங்கும். சேர்க்கும் நேரத்துக்கு 5-ஐ அணைத்து வை. அப்புறம், எப்போதாவது ரவுட்டரை மாற்றினால் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்துப் பிசகாமல் புதியதிலும் போடு. கருவிகள் தாமாகவே வந்து சேர்ந்துகொள்ளும். இது தெரியாமல் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன்.

கதவு சென்சாரும் தண்ணீர் சென்சாரும் ஜிக்பீ என்கிற, வைஃபை அல்லாத வேறொரு வயர்லெஸ் முறையில் பேசுகிற வகையாக இருக்கட்டும். அதற்கு ஒரு ஹப் வேண்டும், ஆனால் வைஃபை சென்சார் மாதிரி பேட்டரியைக் குடிக்காது. ஒரு பட்டன் செல்லிலேயே வருஷத்துக்கு மேல் ஓடும். சுவரில் செருகிய ஜிக்பீ பிளக் தூரத்து அறையின் செய்தியை வாங்கி ஹப்புக்குக் கடத்தும். நான் சொன்ன அந்தக் காலிப் பிளக்கையும் இந்த வகையிலேயே வாங்கினால் இரண்டு வேலையும் ஆயிற்று. ஆப் காட்டுகிற பேட்டரி சதவீதத்தை மட்டும் நம்பாதே. லித்தியம் செல்லின் வோல்டேஜ் கடைசிவரை பெரிதாக இறங்காமல் இருந்துவிட்டுத் திடீரென்று விழும். நான் வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றி, தேதியை எழுதி ஒட்டிவிடுகிறேன்.

கேமராவுக்கு வருகிறேன். ஒன்று போதும், வாசலுக்கு. அங்கே சிம் போட்ட ரவுட்டர்தான் வைக்கப்போகிறாய் என்றால் கணக்கைப் பார்: ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் அனுப்பினால் மணிக்கு 900 எம்பி, நாளுக்கு 21 ஜிபிக்கு மேல். ஆறு கேமரா வைத்துவிட்டு என்ன செய்வாய்? அசைவு இருந்தால் மட்டும் அனுப்பு என்று வை, மற்றது உள்ளே இருக்கிற மெமரி கார்டிலேயே பதியட்டும். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து வெளியே பார்க்கிற மாதிரி வைக்காதே. இரவில் அது பாய்ச்சுகிற அகச்சிவப்பு ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளையாகிவிடும்.

இன்னொரு தொல்லை சிலந்தி. ஒருநாள் இரவு 2 மணிக்கு 'வாசலில் அசைவு' என்று செய்தி. பார்த்தால் தாம்புக்கயிறு மாதிரி வெள்ளையாக ஏதோ ஆடுகிறது. பதறிப்போய்ப் பக்கத்து வீட்டு அக்காவை எழுப்பினேன். பாவம், டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, சிலந்தி வல கட்டியிருக்கு" என்றார். லென்ஸுக்கு நேர் முன்னால் இருக்கிற ஒரு இழை, அந்த ஒளி பட்டால் கயிறாகத்தான் தெரியும். இப்போதெல்லாம் போனதும் நான் செய்கிற முதல் வேலை கேமராவைச் சுற்றித் துடைப்பத்தால் தட்டுவது.

அந்த அக்கா மாதிரி ஒருவர் உனக்கு அங்கே கிடைத்துவிட்டாரா? நீ பட்டியலில் எழுதாத ஒன்று இதுதான். சென்சார் கத்தும், துடைக்காது. நீ கிளம்பிப் போய்ச் சேர்வதற்குள் பாதி வீடு நனைந்துவிடும். பத்து நிமிஷத்தில் போகக்கூடிய ஒருவரிடம் சாவி கொடு. மெயின் வால்வு எங்கே, பிரேக்கர் எங்கே என்று வாயால் சொன்னால் போதாது, கூட்டிக்கொண்டு போய் அவர் கையாலேயே ஒரு தடவை மூடித் திறக்கச் சொல். வால்வில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடு, இருட்டில் தேட வேண்டாம். அந்தச் சிலந்திக்குப் பிறகு நானும் அக்காவும் ஒரு ஒப்பந்தம் வைத்திருக்கிறோம்: தண்ணீர் என்றால் எந்த நேரமும் கூப்பிடலாம், அசைவு என்றால் நான் படத்தை இரண்டு தடவை பார்த்த பிறகு.

பாஸ்வேர்டு விஷயத்தில் சோம்பல்படாதே. 2016-இல் மிராய் என்ற தீநிரல் (வைரஸ் மாதிரி ஒரு புரோகிராம்), கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டையே மாற்றாமல் விட்ட கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் லட்சக்கணக்கில் புகுந்துகொண்டது. அவற்றை வைத்து நடந்த தாக்குதலில் அந்த அக்டோபரில் ட்விட்டர் உட்படப் பெரிய தளங்களே சில மணி நேரம் திணறின. கேமராவின் சொந்தக்காரர்களில் பலருக்கு அது தெரிந்துகூட இருக்காது. பாஸ்வேர்டை மாற்று, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடு. கணக்கு உன் பெயரில் இருக்கட்டும், உன் மனைவிக்கு உன் பாஸ்வேர்டைக் கொடுக்காமல் அவளைக் குடும்ப உறுப்பினராகத் தனியாகச் சேர். யாராவது அங்கே வந்து தங்கினால் கேமரா இருப்பதை முன்பே சொல்லிவிடு. நாங்கள் போய் இருக்கும்போது அப்பாவின் பழைய கைக்குட்டை ஒன்று அதன் மேல் கிடக்கும்.

ஆக, ரவுட்டர், யுபிஎஸ், ஹப், ஒரு பிளக், தண்ணீருக்கு மூன்று, வெப்பத்துக்கு ஒன்று, கதவுக்கு இரண்டு, கேமரா ஒன்று. விளக்கெல்லாம் அப்புறம். வாங்கியதும் நேராக அங்கே கொண்டு போய்விடாதே. அதே ரவுட்டரோடு ஒரு வாரம் உன் மேஜை மேலேயே ஓடட்டும். நடுவில் ரவுட்டரின் வயரைப் பிடுங்கிப் பார், போனுக்குத் தகவல் வருகிறதா என்று.

தயாரானதும் அப்பாவையும் ஆப்பில் சேர்க்கச் சொல்கிறார். சேர்த்துவிடு. பார்க்க மட்டும் உரிமை கொடு, அணைக்கிற உரிமை வேண்டாம்.

அன்புடன்,
அம்மா