துப்பாக்கிக்கு எதற்கு நகை நட்டு?

தேவகோட்டை,
ஞாயிறு மாலை

அன்பு மாப்ளே,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முட்டிவலி தேவலை என்று படித்ததும் நிம்மதி. இங்கே கண்மாயில் பாதிக்குத் தண்ணீர் நிற்கிறது, இந்த வருசத்துக்கு அதுவே பெரிசு. எதிர்த்த வளவை யாரோ வாங்கி ஹோட்டல் ஆக்குகிறார்கள். பட்டாலைத் தூணுக்கெல்லாம் வார்னிஷ் அடிக்கிற வாடையில் மத்தியானத் தூக்கம் போச்சு.

சரி, நீ கேட்ட விஷயம். உன் பேத்தி பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் சுடும் போட்டியில் இறங்கிவிட்டாள். உன் மகன் அமெரிக்காவிலிருந்து வரும்போது அவளுக்குக் குறி பார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டுகிற ரெட் டாட் வில்லை, லேசர் வாங்கி வரட்டுமா என்கிறான், உன் .32 கைத்துப்பாக்கிக்கு ஒரு லைட்டும் சேர்த்து. அவளோ பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கி வீரர் யூசுப் டிகேச் சுட்டதைப் பார்த்துவிட்டு "எனக்கு ஒண்ணுமே வேணாம் தாத்தா" என்கிறாள். ஆர்மரராக, துப்பாக்கி பழுது பார்க்கிறவனாக இருந்தவன் நீதானே, நீயே தீர்ப்புச் சொல் என்று என் தலையில் கட்டிவிட்டாய். என்னைக் கேட்டால் ரெண்டு பேர் பக்கமும் நான் இல்லை.

ரெட் டாட், லேசர் பேச்சை முதலில் விடு. பத்து மீட்டர் போட்டியில் திறந்த குறிமுள் மட்டும்தான். துப்பாக்கி மேல் கண்ணாடி வில்லை எதுவும் இருக்கக்கூடாது. மொத்த எடை 1500 கிராமுக்குள், நீளம் 420, உயரம் 200, அகலம் 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். போட்டிக்கு முன்னால் பெட்டியில் வைத்தே பார்ப்பார்கள். எதையாவது மாட்டிக்கொண்டு போனால் வாசலிலேயே கழற்றச் சொல்வார்கள்.

டிகேச் விஷயத்தில் பேத்தி பாதியைத்தான் பார்த்திருக்கிறாள். 51 வயதில், சாதாரணக் கண்ணாடியோடு, அலட்டாமல் நின்று வெள்ளி வாங்கினார், அழகுதான். ஊரெல்லாம் பார்த்தது கால்சட்டைப் பைக்குள் போன இடது கையை. பையில் கையை விடுவது பிஸ்டல்காரர்கள் பலரும் செய்வது, உடம்பு ஆடாமல் இருக்க. வலது கையில் இருந்தது போட்டிக்கென்றே செய்த துப்பாக்கி. அந்த மாதிரிக் கைப்பிடியெல்லாம் கைக்குத் தக்கபடி இழைத்துப் பொருத்துவது. அவர் சும்மா எடுத்துச் சுட்டார் என்று நினைப்பது அவர் உழைப்பையே குறைக்கிற மாதிரி.

என் கணக்கு இதுதான். கை படுகிற இடத்துக்குச் செலவு செய். மேலே ஒட்டி வைக்கிறதை யோசித்துச் செய். பேத்தியின் துப்பாக்கியோடு வந்த வால்நட் கைப்பிடி அவள் விரலுக்குப் பெரிசு என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் ட்ரிகர் மேல் விரல் நேராக உட்காராது, ஒவ்வொரு முறையும் முனை பக்கவாட்டில் இழுபடும். எவ்வளவு பயிற்சி செய்தாலும் அந்த இழுப்பு போகாது. இங்கே நிலைக்கதவு வேலை செய்கிற ஆசாரி ஒருவர் இருக்கிறார். பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனுக்குச் செய்து கொடுத்ததை உட்கார்ந்து பார்த்தேன். கைப்பிடியைத் தனியாகக் கழற்றித்தான் கொண்டுவரச் சொன்னார். பையன் உள்ளங்கையில் திருநீற்றைப் பூசிப் பிடிக்கச் சொன்னார். மரத்தில் எங்கே வெள்ளை அழுத்தமாக ஒட்டுகிறதோ அங்கே அரத்தால் ரெண்டு இழுப்பு. ஒட்டாத பள்ளத்தில் மரத்துக்குப் பூசுகிற பட்டிப் பசை வைத்து மறுபடி பிடி. சாயங்காலம் வரை இதேதான், காபிகூடக் குடிக்கவில்லை மனுசன். ஒன்று மட்டும் சொல்லி வைத்தேன்: மணிக்கட்டைத் தாங்குகிற மாதிரி மரத்தை நீட்டிவிடக்கூடாது, விதிப்படி மணிக்கட்டு வெளியே தெரிய வேண்டும்.

ட்ரிகரைப் பேத்தி தொட வேண்டாம். குறைந்தது 500 கிராம் எடைக்கு இழுத்தால்தான் அது விழ வேண்டும். முனையை மேலே பார்க்க நிறுத்தி, ட்ரிகரில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். சுட்டு முடிந்த பிறகும் சிலரைப் பிடித்துச் சோதிப்பதுண்டு, அங்கே தவறினால் வாங்கிய புள்ளி எல்லாம் போச்சு. பயிற்சியாளரை விட்டுக் கொஞ்சம் கூடுதலாகவே வைக்கச் சொல்.

அவளுக்கு வாங்கித் தரலாம் என்றால், இடது கண்ணை மறைக்கிற சின்னப் பட்டை, 30 மில்லிமீட்டருக்கு மேல் அகலம் வேண்டாம். ஒரு கண்ணை இறுக்கி மூடிச் சுட்டால் மற்ற கண்ணும் சேர்ந்து களைத்துப்போகும். அப்புறம் நல்ல குண்டு, அதுவும் ஒரே ரகத்தில் நிறைய.

இப்போது உன் .32. ரெட் டாட் மட்டமான பொருள் இல்லை, மாப்ளே. நம் வயசில் கிட்டே இருக்கிற முன்குறி மங்கித்தான் தெரியும். புள்ளி இருந்தால் இலக்கை மட்டும் பார்த்தால் போதும், புள்ளியை அதன் மேல் வைத்தால் ஆச்சு. ஆனால் உன் ஸ்லைடில், அதாவது சுடும்போது பின்னால் நகர்கிற மேல் பாகத்தில், அதை மாட்ட இடம் கிடையாது, உலோகத்தைக் கடைந்து எடுக்க வேண்டும். ஸ்லைடின் எடை மாறினால் ஸ்பிரிங் கணக்கும் மாறும், தோட்டா சிக்க ஆரம்பிக்கும். அவசரத்துக்கென்று வைத்திருக்கிற சாமானில் பேட்டரியும் திருகாணியும் சேர்ந்தால் சோதிக்க வேண்டிய இடமும் சேர்ந்துகொண்டே போகும்.

லேசரில் உன் கை நடுக்கம் சுவரில் ஆடும். அதைப் பிடித்து நிறுத்தப் பார்த்து ட்ரிகரை வெடுக்கென்று இழுப்பாய். உச்சி வெயிலில் அந்தப் புள்ளியே தெரியாது. லைட் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ராத்திரி தோட்டத்தில் சத்தம் கேட்டு எழுந்து வெளிச்சம் அடித்தால், எதைப் பார்க்கிறாயோ அதன் மேல் முனை நிற்கும். அது உன் காவல்காரனாகவும் இருக்கலாம். இடது கையில் ஒரு நல்ல டார்ச் போதும். போலீஸ்காரர்களுக்குத் துப்பாக்கி லைட் வேலைக்காகும், அதற்கென்று பழகுகிறார்கள். அந்த லைட்டை மாட்டினால் உன் பழைய தோலுறையும் உதவாது.

மகனிடம் கண்டிப்பாகச் சொல், பெட்டியில் போட்டு எதையும் கொண்டுவர வேண்டாம். 1959 ஆயுதச் சட்டப்படி உதிரிப் பாகமும் ஆயுதக் கணக்கில்தான் வரும். சத்தம் குறைக்கிற குழாயைச் சட்டம் துப்பாக்கியாகவே எண்ணுகிறது. லேத் பட்டறையில் கொடுத்து ஸ்லைடைக் கடையவும் விட்டுவிடாதே, உரிமம் இல்லாதவன் துப்பாக்கியை மாற்றுவதும் பழுது பார்ப்பதும் குற்றம். உன் .32-க்கு ரப்பர் கைப்பிடி உறை ஒன்று போதும், வியர்வையில் வழுக்காது. மாதம் ஒருதரம் கழற்றி எண்ணெய் போடு, ரப்பருக்கு அடியில்தான் துரு முதலில் பிடிக்கும்.

பங்குனியில் குன்றக்குடிக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா. அதற்கு முன்னால் அவள் வலது கையை வெள்ளைத் தாளில் விரித்து வைத்து, சுற்றிப் பென்சிலால் வரைந்து அனுப்பு. ஆசாரி கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

உன்
மாப்ளே